மனச்சோர்வு மாத்திரையும் சப்பென்று போன சிகரெட்டும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மாதம் ஒரு தடவை வரும் தம்பி ஒருவர், பக்கத்து ஊரான பிறையில் ஒரு ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட். ஒருநாள் சீட்டை நீட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, இந்த மாத்திரையில என்னா கலந்திருக்காங்க? ரெண்டு வாரமா சிகரெட்டு சப்புன்னு இருக்கு. பாதியிலயே தூக்கிப் போட்டுர்றேன்." சிகரெட்டை விட வேண்டும் என்று அவர் நினைத்ததே கிடையாது. மனசு சரியில்லை, தூக்கம் இல்லை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றுதான் டாக்டரைப் பார்த்திருக்கிறார். சீட்டில் இருந்தது பியூப்ரோபியான்.

அதே சமயத்தில் வந்துகொண்டிருந்த இன்னொருவர் எஸ்சிட்டலோப்ராம் சாப்பிடுகிறவர். நாலு மாதத்தில் ஆள் நன்றாகத் தேறிவிட்டார், முகமே மாறிவிட்டது, ஆனால் சிகரெட் மட்டும் ஒரு குச்சி கூடக் குறையவில்லை. (ஆளை அடையாளம் தெரியாதபடி எல்லாரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) இரண்டுமே மனச்சோர்வு மாத்திரை. ஒன்று சிகரெட்டின் ருசியைக் கெடுத்துவிட்டது, இன்னொன்று சிகரெட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனசு சரியானால் புகைப்பழக்கம் தானாகப் போய்விடும் என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு, அது உண்மையானால் இரண்டாவது ஆள்தான் முதலில் விட்டிருக்க வேண்டும், இல்லையா?

முதலில் நிக்கோட்டின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். புகையை இழுத்த 10, 20 விநாடிக்குள் அது மூளைக்குப் போய்விடும், ஊசி போட்டால்கூட இவ்வளவு வேகம் வராது. நரம்பு செல்களின் மேல், அசிட்டைல்கோலின் என்கிற நம் உடம்பின் சொந்த ரசாயனம் வந்து உட்காருவதற்கென்று சில ஏற்பிகள் இருக்கின்றன. நிக்கோட்டின் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் ஏற்பியின் நடுவில் இருக்கும் சின்ன வாய்க்கால் திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், நரம்பு சிலிர்த்துக்கொள்ளும், அந்தச் சிலிர்ப்பின் கடைசியில் டோப்பமின் சுரக்கும். "ஆஹா" என்று தோன்றுவது அப்போதுதான். ஆனால் அந்த ஏற்பிகள் சீக்கிரமே மரத்துப்போகும், அடுத்த சிகரெட்டும் அதற்கடுத்ததும் அதே சுகத்தைத் தராது. ராத்திரி தூங்கி எழுந்தால் மரத்ததெல்லாம் மறுபடி விழித்திருக்கும். மாமாக் கடையில் காலையில் தே தாரிக்கோடு பற்றவைக்கும் முதல் சிகரெட்டுக்கு அவ்வளவு மவுசு இருப்பதற்கு இதுதான் காரணம். தினமும் புகைக்கிறவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடிப்போகும், கூடிப்போன அத்தனை வாய்க்கும் தீனி போடவேண்டியிருக்கும். இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் படம் பார்க்கப் போனால் இடைவேளை எப்போது வரும் என்று கால் ஆட ஆரம்பிக்கிறது.

இப்போது அந்தத் தம்பியின் மாத்திரை. பியூப்ரோபியானை 1969-ல் நரிமன் மேத்தா என்பவர் பரோஸ் வெல்கம் கம்பெனிக்காக உருவாக்கினார். அமெரிக்காவில் 1985-ல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது, அடுத்த வருஷமே வலிப்பு வருகிறது என்று கடையிலிருந்து எடுத்தார்கள், அளவைக் குறைத்து 1989-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சிகரெட்டைப் பற்றி அதுவரை யாரும் யோசிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் முன்னாள் இராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த லிண்டா ஃபெர்ரி என்ற டாக்டர்தான், இந்த மாத்திரை சாப்பிடும் ஆட்களுக்குப் புகைப்பதில் ஆர்வம் குறைகிறது என்று கவனித்து, அதைச் சோதித்தும் பார்த்தார். நம்ம பிறைத் தம்பி வந்து சொன்னதைத்தான் அங்கே வேறு யாரோ ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

1997-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 615 பேர். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 7 வாரத்துக்குப் பிறகு 19 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் பியூப்ரோபியான் சாப்பிட்டவர்களில் 44 சதவீதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 12-க்கு 23. இதில் இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அப்போது மனச்சோர்வில் இருந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. மனசு நன்றாக இருந்த ஆட்களுக்குத்தான் மாத்திரை வேலை செய்திருக்கிறது. ஆக, சோர்வு போனது, அதனால் சிகரெட்டும் போனது என்று சொல்ல வழியே இல்லை. அந்த வருஷமே ஸைபான் என்ற பெயரில், புகையை நிறுத்துவதற்கான மருந்தாக அங்கே அனுமதி கொடுத்தார்கள்.

அப்புறம் எப்படித்தான் வேலை செய்கிறது? இரண்டு வழி சொல்கிறார்கள். டோப்பமினும், நோர்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனமும் சுரந்த பிறகு நரம்பு அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், பியூப்ரோபியான் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. நிக்கோட்டின் வராத நாட்களில் விழும் பள்ளத்தில் கொஞ்சம் மண் போட்ட மாதிரி. இரண்டாவது வழிதான் சுவாரசியமானது. நிக்கோட்டின் உட்காரும் அதே ஏற்பியை இது நேரடியாக மந்தப்படுத்துகிறது, அதுவும் நிக்கோட்டினோடு நாற்காலிக்குச் சண்டை போடாமல். நிக்கோட்டின் வந்து வழக்கமான இடத்தில் உட்காரும், சாவியைத் திருப்பும், ஆனால் வாய்க்கால் சரியாகத் திறக்காது. நாற்காலிக்குப் போட்டி இல்லாததால், இன்னும் நாலு சிகரெட் கூடுதலாக இழுத்து மாத்திரையைத் தள்ளிவிடவும் முடியாது. எலிகளில் இது தெளிவாகத் தெரிகிறது: நிக்கோட்டின் கொடுத்தால் எலிக்கு வலி உணர்வு குறையும், பியூப்ரோபியானை முன்னாலேயே கொடுத்துவிட்டால் குறையாது. மனிதருக்குள் எந்த வழி எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் "சப்புன்னு இருக்கு" என்ற இரண்டே சொல்லில் அந்தத் தம்பி சொன்னதற்கு, அந்த மூடிய வாய்க்காலைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மருந்து உடம்பில் நிலையான அளவுக்கு ஏற ஒரு வாரம் ஆகும். அதனால் சிகரெட்டை நிறுத்தவென்றே இதைக் கொடுக்கும்போது, முதல் மூன்று நாள் 150 மில்லிகிராம், அப்புறம் அதையே இரண்டு வேளை என்று ஆரம்பித்து, நிறுத்தும் நாளை ஒன்று இரண்டு வாரம் தள்ளி வைப்பார்கள். அந்த முதல் வாரத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டே மாத்திரை சாப்பிடலாம், அது தப்பில்லை. பலர் இதைக் கேட்டதும் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் நண்பரின் மாத்திரையை இரண்டு வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டாம். 300 மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம், அளவு கூடினால் அபாயமும் கூடும். முன்பு வலிப்பு வந்தவர்கள், சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. கடைசியாகச் சொன்ன வகை நம்மிடையே நிறைய. "ஒரே அடியா தண்ணியையும் விட்டுர்றேன், சிகரெட்டையும் விட்டுர்றேன்" என்று வீராவேசமாக வரும் ஆளை டாக்டர் உட்காரவைத்து எத்தனை வருஷம், எவ்வளவு குடி என்று துருவினால் கோபப்படக் கூடாது. ஈரலில் வேறு சில மருந்துகளைக் கரைக்கும் ஒரு நொதியையும் பியூப்ரோபியான் முடக்கும், இரத்தக்கொதிப்புக்கு மெட்டோப்ரோலோல் சாப்பிடுகிறவருக்கு அதன் அளவு ஏறி நாடி குறைந்துபோகலாம்.

சரி, எஸ்சிட்டலோப்ராம்காரருக்கு ஏன் ஒன்றும் நடக்கவில்லை? அது செரட்டோனின் என்ற வேறொரு நரம்பு ரசாயனத்தின் உறிஞ்சலைத் தடுக்கும் வகை. ஃபுளுவாக்சடின், செர்ட்ராலின், பராக்சடின் எல்லாம் அதே குடும்பம். இந்தக் குடும்பத்தைப் புகையை நிறுத்தப் பயன்படுத்திப் பார்த்த சோதனைகளில் உருப்படியான பலன் வரவில்லை. சோதனைக் குழாயில் பார்த்தால் இவற்றில் சிலவும் அந்த நிக்கோட்டின் ஏற்பியைக் கொஞ்சம் மந்தப்படுத்தத்தான் செய்கின்றன, ஆனாலும் ஆளிடம் வரும்போது சிகரெட் குறையவில்லை. குழாயில் நடப்பதெல்லாம் மனிதருக்குள் நடக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இன்னொரு பக்கம் நோர்ட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை, நோர்அட்ரினலினைப் பிடித்துவைக்கும் வகை, அது உதவுகிறது. ஆனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், அளவு மீறினால் இதயத் துடிப்புக்கே ஆபத்து என்பதால் அதை முதலில் எடுப்பவர்கள் குறைவு. ஆக "மனச்சோர்வு மாத்திரை" என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதுவரை மாத்திரை நிக்கோட்டினை என்ன செய்கிறது என்று பார்த்தோம். எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, கவுண்டரில் நின்று பார்க்கிறவனுக்கு அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது: சிகரெட் மாத்திரையை என்ன செய்கிறது?

எங்கள் பகுதியில் ஓர் அங்கிள், நீரிழிவு, கால் எரிச்சல். ராத்திரி படுத்தால் பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருக்கும் என்பார். அதற்கு டுலாக்சடின் கொடுத்திருந்தார்கள். அது மனச்சோர்வு மாத்திரைதான், நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள். (அட்டையில் மனச்சோர்வு என்று படித்துவிட்டு "என்னைப் பைத்தியம்னு நெனைச்சிட்டாங்களா" என்று அங்கிள் ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்தது தனிக் கதை.) ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது இருபது குச்சி. ஆனால் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு விரதம் எடுப்பார். தண்ணீர்மலைக்கு நடந்து போகிற நாள் வரை மாமிசம் இல்லை, பீர் இல்லை, சிகரெட்டும் இல்லை. அந்த வருஷம் விரதம் ஆரம்பித்த இரண்டாவது வாரம் கடைக்கு வந்தார். குமட்டல், வியர்வை, தலை சுற்றல், ராத்திரி முழுக்க விழிப்பு. "சாமி சோதிக்குது தம்பி" என்றார்.

சாமி இருக்கட்டும், ஈரலைப் பார்ப்போம். ஈரலில் சிப் 1ஏ2 என்று ஒரு நொதி உண்டு, சில மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது அதன் வேலை. சிகரெட் எரியும்போது வரும் தார்ப் பொருட்கள், அதாவது புகையில் இருக்கும் கரிமச் சேர்மங்கள், இந்த நொதியை அதிகமாகச் சுரக்கவைக்கும். கவனிக்க வேண்டியது: இது நிக்கோட்டினின் வேலையே கிடையாது, முழுக்கப் புகையின் வேலை. நொதி கூடினால் மருந்து சீக்கிரம் கரைந்துபோகும். புகைப்பவரின் உடம்பில் டுலாக்சடின் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஃபுளுவாக்சமைன் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையின் அளவும் குறையும், பழைய இமிப்ரமின், குளோமிப்ரமின் போன்றவற்றிலும் இந்தக் கதை உண்டு. சிகரெட்டை நிறுத்தியதும் நொதி ஓரிரு நாளிலேயே குறைய ஆரம்பித்து ஒரு வாரத்தில் சாதாரண நிலைக்கு வந்துவிடும். மாத்திரை அதேதான், டோஸ் அதேதான், ஆனால் இரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

டுலாக்சடினைப் பொறுத்தவரை புகைப்பதற்காக டோஸை மாற்றவேண்டியதில்லை என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது, ஏறினாலும் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஆகவே அங்கிளின் குமட்டலுக்கு மாத்திரை ஏறியது காரணமா, நிக்கோட்டின் இல்லாத தவிப்பு காரணமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பியைப் பற்றி அடித்துச் சொல்வேன்.

கோப்பியில் இருக்கும் கஃபீனையும் உடைப்பது அதே சிப் 1ஏ2. புகைப்பவர் உடம்பில் கஃபீன் வேகமாகக் கரையும், அதனால்தான் சிகரெட்டும் கையுமாக இருக்கும் ஆட்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பி ஓ (பால் இல்லாதது) குடித்தும் படுத்ததும் குறட்டை விடுவார்கள். சிகரெட்டை நிறுத்திவிட்டு அதே ஐந்து கோப்பியைக் குடித்தால் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல். எல்லாம் சிகரெட்டை விட்ட தவிப்பு போலவே இருக்கும், ஆளும் "என்னால முடியல" என்று ஒரு குச்சி பற்றவைத்துவிடுவார். அங்கிளிடம் கேட்டேன், விரதத்தில் பசி தெரியாமல் இருக்கக் கோப்பியைக் கூட்டியிருந்தார். ஏழு கப். ஏழு!

இதோடு ஃபுளுவாக்சமைனைச் சேர்த்துப் பாருங்கள். அந்த மாத்திரை சிப் 1ஏ2 நொதியைப் பிடித்து நிறுத்திவிடும் சுபாவம் கொண்டது, சாதாரணமாக 5 மணி நேரத்தில் பாதியாகும் கஃபீன் அப்போது 30 மணி நேரம் தாண்டியும் பாதியாகாமல் கிடக்கும். திங்கட்கிழமை காலை குடித்த கோப்பி செவ்வாய் மத்தியானம் வரை உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று அர்த்தம். இந்த ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது "கோப்பி எத்தனை?" என்று கேட்காமல் நான் பையைக் கட்டுவதில்லை.

தைப்பூசம் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காவடி இறக்கியாச்சு, மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் ஒரு சிகரெட். பல பேருக்கு விரதம் அத்தோடு முடிந்தது. ஒரு நாளைக்குப் பத்துக் குச்சி அளவுக்குப் போனாலே போதும், நொதி பழையபடி ஏறிவிடும், மாத்திரையின் அளவு பழையபடி இறங்கும். இப்படி ஏறி இறங்குவது அங்கிளுக்குக் குமட்டலோடு முடிந்தது. ஆனால் கடுமையான மனநோய்க்குக் கொடுக்கும் குளோசப்பின் சாப்பிடுகிறவருக்கு இது விளையாட்டல்ல. அதன் அளவு சிகரெட்டை நிறுத்திய ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் கூடிவிடலாம், மயக்கம், வலிப்பு வரை போகலாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, அவர் விரதம் என்றோ வார்டில் சேர்த்ததாலோ சிகரெட்டை நிறுத்தினால், டாக்டருக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். தைப்பூசம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வேப், அதாவது மின்சிகரெட் பக்கம் வருவோம். "நான் சிகரெட்டை விட்டுட்டேன் அண்ணே, இப்ப வேப்தான்" என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், 2023-ல் திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு கேட்கவே வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சட்டம் வேப்பையும் சிகரெட்டோடு சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது, அது வேறு பேச்சு. ஈரலுக்கு இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. வேப்பில் நிக்கோட்டின் உண்டு, எரியும் புகையிலை இல்லை. மூளையைக் கேட்டால் "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்லும், ஈரலைக் கேட்டால் "இவன் சிகரெட்டை விட்டுவிட்டான்" என்று சொல்லும். மருந்தின் அளவு ஏறுவது ஈரலைப் பொறுத்தது. நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

புகையில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. மனச்சோர்வுக்கு உலகத்தில் முதலில் கிடைத்த மாத்திரைகளில் ஒன்று தற்செயலாக வந்தது: 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் வார்டில் ஆட்டம் போட ஆரம்பித்தார்கள். அந்த மருந்து எம்ஏஓ என்ற நொதியைத் தடுக்கிறது. டோப்பமின், செரட்டோனின் போன்றவற்றை உடைத்துப் போடுவது அந்த நொதிதான், அதைத் தடுத்தால் அவை நின்று நிலைக்கும். சரி, 1996-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஜோவானா ஃபௌலர் குழுவினர் புகைப்பவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எம்ஏஓ-பி என்ற வகை புகைக்காதவர்களைவிட 40 சதவீதம் குறைவு, எம்ஏஓ-ஏ 28 சதவீதம் குறைவு. இதுவும் நிக்கோட்டின் செய்ததல்ல, புகையில் இருக்கும் வேறு பொருட்கள் செய்தது. ஒரு பழைய மனச்சோர்வு மாத்திரையின் மங்கலான நகல் ஒன்றை ஒவ்வொரு சிகரெட்டோடும் சேர்த்துத்தான் இழுக்கிறார்கள்.

எம்ஏஓ தடுக்கப்பட்ட எலிகள் நிக்கோட்டினை இன்னும் ஆசையாகத் தேடிப் போகின்றன என்றும் பார்த்திருக்கிறார்கள். வெறும் நிக்கோட்டின் சூயிங்கத்துக்கு அடிமையாகிறவர்கள் அபூர்வமாகவும், சிகரெட்டுக்கு அடிமையாகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேராகவும் இருப்பதற்கு, புகை மூளையை எட்டும் வேகத்தோடு இதுவும் சேர்ந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. சிகரெட்டை விட்டதும் அந்த நொதி மறுபடி கூடும், அந்த நாட்களில் மனசு தொங்கிப்போவதற்கு இதிலும் ஒரு பங்கு இருக்கலாம்.

தொங்கிப்போகும் மனசைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறுத்திய சில மணி நேரத்திலேயே தவிப்பு ஆரம்பிக்கும், முதல் வாரத்தில் உச்சம், இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். எரிச்சல், சோகம், தூக்கம் கெடுதல், கவனம் நிற்காமை. மனச்சோர்வு எப்படி இருக்கும் என்று கேட்டாலும் இதே பட்டியலைத்தான் சொல்வார்கள். அதனால் மனச்சோர்வு உள்ளவர் சிகரெட்டை விட்டால் நோய் முற்றிவிடும் என்ற பயம் வீட்டிலும் இருக்கிறது, சில சமயம் டாக்டர்களிடமும் இருக்கிறது. "பாவம், அவனுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல், விட்டுடுங்க" என்று அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை எதிராகத்தான் சொல்கிறது: விட்டவர்களுக்கு, விடாதவர்களோடு ஒப்பிட்டால், சோர்வும் பதற்றமும் குறைந்தன, மனநோய் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். சோர்வு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், அது மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்குச் சமமாக இருந்தது. சிகரெட் தந்த "ஆறுதல்" பெரும்பாலும் முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பைத் தணித்ததுதான் என்று எடுத்துக்கொண்டால் இது புரியும். கடன் வாங்கி வட்டி கட்டுவதைச் சம்பாத்தியம் என்று நினைப்பது மாதிரி.

நிறுத்த உதவும் மாத்திரைகளே மனசைக் கெடுக்கும் என்ற பயமும் நியாயமான இடத்திலிருந்துதான் வந்தது. பியூப்ரோபியான், வரெனிக்லின் இரண்டின் மேலும் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் கடுமையான எச்சரிக்கை போட்டது. வரெனிக்லின் மனச்சோர்வு மாத்திரை கிடையாது, நிக்கோட்டின் ஏற்பியில் தானே உட்கார்ந்து அரைகுறையாக மட்டும் திறக்கும் மருந்து. பிறகு 8,000-க்கு மேற்பட்டவர்களை, பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், வைத்து ஒரு பெரிய சோதனை செய்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். வெறும் மாத்திரையையும் நிக்கோட்டின் பட்டையையும்விட இவற்றால் மனநலக் கோளாறு கணிசமாகக் கூடவில்லை. அதே வருஷக் கடைசியில் அந்தக் கடுமையான எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். அதற்காக முதல் வாரங்களில் ஆளைக் கவனிக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிஷமே டாக்டர்தான்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை கேள்வித்தாளைப் பற்றியது. கிளினிக்குக்கு முதல் தடவை போகும்போது "புகைப்பவரா? ஆம், இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் போடுவோம், கதை முடிந்தது. ஆறு மாதம் கழித்து அவர் பாதியாகக் குறைத்திருப்பார், வேப்புக்கு மாறியிருப்பார், விரதத்தில் இருப்பார், கட்டத்தில் பழைய டிக்கே நிற்கும். இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் புகைப்பவர், 2023 கணக்குப்படி ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. இரண்டு கூட்டமும் நிறைய இடத்தில் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது, கேள்வியை ஒரு தடவைதான் கேட்கிறோம். அரசாங்க கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது, அங்கே போனால் நிதானமாகக் கேட்பார்கள், ஆனால் அங்கே போகிறவர் தான் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போக வேண்டும். வெறுங்கையோடு போய் "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிறைத் தம்பி இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து குச்சியில் நிற்கிறார். முழுசாக விடச் சொல்லி டாக்டர் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறாராம், ஷிஃப்ட் மாறட்டும் என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். அங்கிள் இந்தத் தடவை விரதத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்தார். கோப்பியைப் பாதியாக்கச் சொன்னேன், மூன்று கப்பில் பேரம் முடிந்தது, அதுவும் கோசோங், சர்க்கரைகூட இல்லாதது. எந்தத் தேதியில் சிகரெட்டை நிறுத்துகிறார், எப்போது மறுபடி ஆரம்பிக்க "வாய்ப்பிருக்கிறது" என்பதையெல்லாம் ஒரு சின்னத் தாளில் எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில், சிகரெட் பாக்கெட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"காவடி எடுக்கிறதெல்லாமா தம்பி டாக்டர்கிட்ட சொல்லணும்?"

"சொல்லுங்க அங்கிள்."

"அவரு சீனரு."

"தைப்பூசம்னா அவருக்கும் லீவுதானே, தெரியும் சொல்லுங்க."